ஒட்டுகிற மாவு

கோத்தகிரிக்கு மேலே, ஒரு தேயிலைச் சரிவின் முடிவில் அந்த இல்லம் இருந்தது. இனி செய்வதற்கு எதுவும் இல்லை என்று மருத்துவமனைகள் அனுப்பிவிட்டவர்களுக்காகப் பன்னிரண்டு கட்டில்கள். நடத்தியவர் சிஸ்டர் ரெஜினாள். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் பணி கற்றுக்கொள்ள வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்.

வந்த மூன்றாம் நாள் கேட்டார்.

"சிஸ்டர், எத்தனையோ பேர் உங்க கண்ணு முன்னாடி போயிருப்பாங்க. மனசுல ஒட்டாம எப்படிப் பார்த்துக்கிறீங்க?"

"நீங்க எப்படிப் பார்த்துக்கிட்டீங்க, ஐயா?"

"நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. பின்னாடி கிடக்கிறது ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியாது. ரோட்டை மட்டும்தான் பார்ப்பேன். அதனாலதான் ஓட்ட முடிஞ்சுது."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"என் வீட்டுக்காரி படுத்தப்பவும் அப்படியே இருந்துட்டேன். மருந்து வாங்கிக் கொடுப்பேன், வாசல்ல போய் நின்னுக்குவேன். இங்கே அப்படி இருக்கக்கூடாதுன்னுதான் வந்தேன். கட்டில் பக்கத்துல நிக்கணும். ஆனா எதுவும் உள்ளே வரக்கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

சிஸ்டர் எழுந்தார்.

"சாயங்காலத்துக்கு பன் போடணும். சமையலறைக்கு வாங்க."

வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டையும் சர்க்கரையையும் கரைத்து, நுரை வந்ததும் மைதாவில் ஊற்றினார் சிஸ்டர். உப்பும் வெண்ணெயும் சேர்த்தார். "பிசைங்க" என்று சொல்லிவிட்டு, ஒருவரின் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போய்விட்டார்.

மாவு தணிகாசலத்தின் விரல்களில் பசையாக ஒட்டியது. உதறினார், போகவில்லை. டப்பாவிலிருந்து ஒரு பிடி மைதாவை அள்ளித் தூவினார். மறுபடி ஒட்டியது. இன்னொரு பிடி. ஐந்தாவது பிடிக்கு மாவு கையைவிட்டு வந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. அவருக்குத் திருப்தி.

நாலாம் கட்டிலில் ஆல்துரை இருந்தார். முட்டைக்கோசும் கேரட்டும் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு லாரி ஓட்டியவர். வாயில் புற்று. இரண்டு நாளாக பன் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். அன்று மாலை ஒரு துண்டை டீயில் நனைத்து வாயில் வைத்தார். தாடையை அசைத்தார். உதட்டோரம் ரத்தம் கசிந்தது. துண்டைத் தட்டின் ஓரமாக வைத்துவிட்டு, வாசலில் நின்ற தணிகாசலத்தைப் பார்த்து, "நல்லாருக்குங்க. அப்புறமா சாப்பிடுறேன்" என்றார்.

தணிகாசலம் தட்டோடு சமையலறைக்கு வந்தார்.

"அளவு தப்பிடுச்சா, சிஸ்டர்?"

"நான்தானே அளந்தேன்."

"அப்போ ஏன் இப்படி?"

"எவ்வளவு மைதா தூவினீங்க?"

"கையில ஒட்டிச்சு. ஒட்டாம வர்ற வரைக்கும்..."

சிஸ்டர் ஒரு பன்னை எடுத்துப் பிட்டார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"அது ஒட்டுற மாவுதான், ஐயா" என்றார்.

மறுநாள் தணிகாசலம் மைதா டப்பாவின் பக்கம் போகவில்லை. மணிக்கட்டு வரை மாவு அப்பியது. மூக்கு அரித்தபோது தோளில் தேய்த்துக்கொண்டார். கால் மணி நேரம் பிசைந்தார். ஈரத்துணி போட்டு மூடி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். குளிர் ஊர், பொங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. உருட்டித் தட்டில் நெருக்கமாக அடுக்கி, இன்னொரு முறை பொங்கவிட்டு, சுட்டு எடுத்து, சூட்டோடு மேலே வெண்ணெய் தடவினார்.

அன்று அவரே கொண்டுபோனார். ஆல்துரை பிட்டு நனைத்து நாக்கில் வைத்தார். மெல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதையும் எடுத்தார்.

"உட்காருங்க" என்றார்.

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆம்புலன்ஸ் ஓட்டினீங்களாமே. கொண்டைஊசி வளைவுல சத்தம் கேட்டாலே நான் வண்டியை ஓரம் கட்டிருவேன். உள்ளே யாரு போறாங்களோன்னு நினைச்சுக்குவேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியாது" என்றார் தணிகாசலம்.

பத்தொன்பது நாள் மாலையில் பன் போட்டார். பத்தொன்பது நாளும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆல்துரையின் மகள் பெங்களூரில் நர்சிங் படிப்பதும், அவருக்கு இடது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பதும் தணிகாசலத்துக்குத் தெரியவந்தது. இருபதாம் நாள் காலையில் ஆல்துரை இறந்தபோது அவர் கை தணிகாசலத்தின் கையில் இருந்தது.

உடம்பைத் துடைத்தார். வேட்டி கட்டிவிட்டார். உடலை ஏற்றிக்கொண்டு வண்டி போனதும் பின்பக்கப் படியில் உட்கார்ந்து அழுதார். மனைவி இறந்தபோதுகூட அவர் அப்படி அழுததில்லை.

சிஸ்டர் வந்து நின்ற நிழல் தெரிந்தது. நிமிராமலே பேசினார்.

"ஒட்டாம இருக்கத்தான் உங்ககிட்ட வழி கேட்டேன். நீங்க இப்படிப் பண்ணிட்டீங்களே, சிஸ்டர்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கெல்லாம் இப்படி ஆகாது இல்லையா?"

நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டரின் கண் இமைகள் வீங்கியிருந்தன. மூக்கு சிவந்திருந்தது.

"இத்தனை வருஷத்துக்கு அப்புறமுமா?" என்றார் தணிகாசலம்.

சிஸ்டர் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு சிஸ்டர் சொன்னார்.

"நாளைக்குக் காலையில ஒரு டீச்சரம்மா வர்றாங்க. பல்லு ஒண்ணுகூட இல்லையாம். இனிப்பும் பிடிக்காதாம். ஈஸ்ட் நுரைக்கிற அளவுக்கு மட்டும் சர்க்கரை போடுங்க, ஐயா."