மணமுள்ளதெல்லாம் மரத்தில்

முட்டாள்கள் கதை என்றதும் எந்த ஊர் முட்டாள்கள் என்று கேட்பீர்கள். இது ரொறன்ரோவுக்கு வடக்கே ஐந்து மணி நேரம் கார் ஓடினால் வரும் ஓர் ஏரிக்கரையில் நடந்தது. முட்டாள்கள் நாங்கள் நாலு பேர். மற்ற மூவரையும் சொல்லி என்னை விட்டுவிடுவது நியாயமில்லை.

செப்டெம்பர் பிறந்ததும் அங்கே மரங்கள் சிவக்கத் தொடங்கும். குளிர் இறுகுமுன் அந்தக் கரையில் ஒரு பானை ஒடியல் கூழ் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவனான மார்க்கண்டுவின் பத்து வருட ஆசை. யாழ்ப்பாணத்திலிருந்து அவன் அக்கா பனங்கிழங்கைக் காயவைத்து இடித்து அனுப்பிய ஒடியல் மா ஒரேயொரு பை. அது முடிந்தால் அடுத்த கூழ் எப்போதோ, யாருக்குத் தெரியும்! நண்டையும் இறாலையும் ஐஸ் பெட்டியில் போட்டவன், மாப்பையை மட்டும் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

கரையில் இடம் தந்த ஹெலன் அம்மா ஆங்கிலத்தில் மூன்று விஷயம் சொன்னார். சரியென்று தலையாட்டினோம். எங்கள் தலையாட்டலை அவர் ‘மாட்டோம்’ என்று எடுத்துக்கொண்டு திரும்பவும் சொன்னார். இன்னும் பலமாக ஆட்டினோம். கடைசியில் ஒரு தாளில் எழுதித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்குள் படித்தவர் அருளம்பலம் அண்ணை. ஊரில் தபாற்கந்தோரில் இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"ஒண்டு, தோணியில எழும்பி நிக்கக் கூடாது. ரெண்டு, மணமுள்ள எதையும் நிலத்தில வைக்கக் கூடாது, மரத்தில உயரக் கட்ட வேணும். மூண்டு, கரடி வந்தால் ஓடக் கூடாது, மெதுவாக் கதைக்க வேணும்."

தோணியில் ஒரு சுற்றுப் போய்க் கரைக்கு வந்தோம். இறங்க வேண்டுமென்றால் எழும்ப வேண்டும். எழும்பக் கூடாதே! முக்கால் மணி நேரம் தோணியிலேயே குந்தியிருந்தோம்.

"தோணியைக் கவிட்டால் எழும்பாமலே இறங்கலாம்" என்றான் சின்னராசா. வயது ஐம்பத்திரண்டு, கலியாணம் ஆகாதவன். யோசிக்க அவனுக்கு நேரம் நிறைய.

கவிழ்த்தோம். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. ஆனால் சட்டத்தை நாங்கள் மீறவில்லை.

நடுங்கியபடி அடுப்பு மூட்டினோம். கூழ் கொதித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மார்க்கண்டு அகப்பையைத் தூக்கினான். அண்ணை கையை உயர்த்தினார்.

"பொறு. மணக்குது. பானை மரத்துக்குப் போக வேணும்."

"குடிச்சிட்டுக் கட்டுவமே, அண்ணை?"

"குடிக்கிறதைப் பற்றித் தாளில ஒண்டும் இல்லை."

காரை மரத்தடிக்குக் கொண்டுவந்து, கூரையில் ஏறி, பானையைக் கயிற்றில் கட்டிக் கொப்பில் தூக்கினோம். பிறகு நாலு பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம்.

"அண்ணை, என்ர கையும் மணக்குது" என்றான் மார்க்கண்டு.

ஒருவரையொருவர் மோந்து பார்த்தோம். எல்லோரும் மணந்தோம்.

"மணமுள்ளது எண்டால் மணம் முடிச்ச ஆக்களாயும் இருக்கலாம்" என்றான் சின்னராசா. "அப்பிடியெண்டால் நான் கீழ நிக்கலாம்."

அண்ணை யோசித்தார். "உனக்கு எத்தினை சம்பந்தம் பேசிக் குழம்பினது?"

"மூண்டு."

"பேச்சுக்கால் நடந்தால் மணத்தில ஒரு பங்கு இருக்கு. ஏறு."

ஆனால் நல்ல கொப்பு ஒன்றுதான். நாலு பேரையும் பானையையும் சேர்த்து அது தாங்காது. ஆளா, பானையா?

"நாங்கள் நாலு மணம், பானை ஒரு மணம்" என்று தீர்ப்புச் சொன்னார் அண்ணை.

"பானையை நிலத்தில வைக்கக் கூடாதே!" என்று அலறினான் மார்க்கண்டு.

"ஆர் நிலத்தில வைக்கச் சொன்னது? கார்க் கூரையில வை."

பானையை இறக்கிக் கூரையில் வைத்தோம். கொப்பில் வரிசையாக ஏறி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கைக்கெட்டினது வாய்க்கெட்டவில்லை என்பார்களே, எங்களுக்குக் கைக்கும் எட்டவில்லை.

வெயில் சாயும் நேரம் கரடி வந்தது. மாரிக் குளிருக்கு முன் வயிற்றை நிரப்பத் திரிகிற, நல்ல கொழுத்த கரடி. காரில் ஏறியது. கூரை நெளிந்தது. என்னுடைய கார்.

"மூண்டாவது சட்டம். மெதுவாக் கதையுங்கோ" என்றார் அண்ணை.

"வாங்கோ, சுகமா இருக்கிறியளோ?" என்றேன் நான்.

"கொஞ்சம் உறைப்பு, பாத்து" என்றான் சின்னராசா.

"ஐயா, ஒரு அகப்பை மிச்சம் விடுங்கோ" என்று மெதுவாக அழுதான் மார்க்கண்டு.

கரடி விடவில்லை. நண்டுக் கோதைக் கூடச் சப்பியது. பானையை வழித்து நக்கிவிட்டுக் கீழே இறங்கி, மரத்தடியில் சாய்ந்து ஏப்பம் விட்டது. அந்த ஏப்பம் மேலே வந்தது. நண்டு, புளி, ஒடியல் எல்லாம் அதில் இருந்தன.

அண்ணை தாளை மறுபடி விரித்தார். முகம் கறுத்தது.

"இப்ப கரடியும் மணக்குது. நிலத்தில கிடக்குது."

இனிக் கரடியையும் மரத்தில் கட்ட வேண்டுமே! நாலு பேர் இடுப்பிலும் இருப்பது ஒரே கயிறு.

"மரியாதையாக் கேட்டுப் பாப்பம்" என்றார் அண்ணை.

மார்க்கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். "ஐயா, ஒருக்கா மேல வாறியளோ?"

கரடி அண்ணாந்து பார்த்தது. எழும்பியது. மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறத் தொடங்கியது.

"பாத்தியளோ, சொன்னால் கேக்கிற கரடி" என்றார் அண்ணை. நாங்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டோம்.

மார்க்கண்டு மட்டும் அசையவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு கெஞ்சினான்: "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கோ, ஐயா. குடிக்கத்தான் குடுத்து வைக்கேல்லை, மணத்தையாவது பிடிப்பம்."