முழங்காலில் ஏழு புள்ளி

வர்ம வைத்தியம் பார்க்கும் குமாரதாஸ் ஆசானுக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய சீடர் வில்பிரடுக்கு ஐம்பத்து மூன்று. தோள்பட்டை வலி என்று எண்ணெய் போட வந்த வில்பிரட், வலி போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை. சனிக்கிழமை தோறும் வந்து நரம்பு தடவப் படித்தார். ஆசான் அவரை அண்ணே என்பார், அவர் ஆசானே என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

அந்த வாரம் வில்பிரட் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார்.

"உட்காருங்க அண்ணே."

"உட்கார எங்க நேரம்?" என்றவர் வைத்தியசாலையின் வாசலுக்கும் எண்ணெய் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளே போட்டார். வில்பிரட் விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தின் செயலாளர். போனில் கூப்பிட்டவர் கழகத்தின் தலைவர்.

"காலையிலிருந்து இது ஆறாவது தடவை ஆசானே. எல்லாம் அந்தக் கிளீட்டஸ் பய விஷயம்."

கிளீட்டஸ் யார் என்று அந்தக் கடற்கரையில் கேட்டால் சிரிப்பார்கள். விடிவெள்ளி அடித்த கோல்களில் பாதி அவன் அடித்தது. மீதிப் பாதியும் அவன் காலைத் தொட்டுவிட்டு வந்ததாகத்தான் இருக்கும். பன்னிரண்டு வயதில் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு பந்து தட்டிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது வில்பிரட்தான்.

"நவம்பர்ல ஒப்பந்தம் போட்டோம். ஆடினாலும் ஆடலேன்னாலும் சீசன் முழுக்கச் சம்பளம். கமிட்டியில மல்லுக்கட்டி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இப்போ என்னாச்சு? இருபது ஆட்டத்துல ஒன்பதுதான் ஆடியிருக்கான். மத்த பசங்க முணுமுணுக்கானுங்க. காய்ச்சலோட இறங்குறவன் இருக்கான், இவன் பெஞ்சுல உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைக்கான்னு. அவனுங்க கேட்கிறதும் நியாயம்தானே? ஒப்பந்தத் தாளை மாத்தி எழுதணும்னு தலைவர் ஒத்தக்கால்ல நிக்கார். இறங்கினா காசு, இறங்கலேன்னா இல்லை."

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வாறேன்? ஞாயிற்றுக்கிழமை பைனல். பதினோரு வருஷம் கழிச்சு ஒரு பைனல் ஆசானே! மாத்தலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

"கிளீட்டஸ் இப்போ வருவான். இருங்க."

கிளீட்டஸ் வந்தான். வாசலில் இருப்பது இரண்டே படி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான். பலகையில் உட்கார்ந்து வலது காலை நீட்டினான்.

ஆசானுக்கு ஒரு வழக்கம் உண்டு. கை வைக்கும் முன் கேட்பார். வந்தவர் காட்டும் இடத்தில் எல்லாம் ஈர்க்குச்சியைச் சுண்ணாம்பில் தொட்டு ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார். எல்லாப் புள்ளியும் வைத்த பிறகுதான் எண்ணெய்.

"எங்க வலி?"

"இங்க. படி இறங்கும்போது இங்க. இடதுபக்கம் திரும்பினா இந்த ஓரத்துல. காலையில எந்திரிச்சா இந்தக் குழியில."

காட்டிக்கொண்டே போனான். வில்பிரட் நின்றபடி எண்ணினார்.

"ஏழா! அட கடவுளே."

"வேற?" என்றார் ஆசான்.

கிளீட்டஸ் வில்பிரடை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

"அவ்வளவுதான் ஆசானே."

"ஞாயிற்றுக்கிழமை?" என்றார் வில்பிரட்.

"நடக்கலாம், ஓடக்கூடாது. மூணு மாசம் விட்டா அடுத்த சீசன் ஆடுவான். இப்போ ஓடினா மூட்டுக்குள்ள மிச்சமிருக்கிற நாரும் அறுந்துடும். பொறவு அவனுக்குப் பந்து இல்லை."

எண்ணெய் போட்டு, துணி சுற்றி, கிளீட்டஸ் போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை வில்பிரட் பொறுத்திருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"பார்த்தீங்கல்லா? எப்பப் பார்த்தாலும் அங்க வலி, இங்க வலி! கமிட்டியில இவனுக்காக வாய் கொடுத்தவன் நான். இனி அங்க எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்? கோபம்கூட இல்லை ஆசானே, பயமா இருக்கு. ஒரு முழங்காலை நம்பி ஒரு கழகமே நிக்கு. மாத்தலாமா, கூடாதா?"

"எழுதுங்க."

நடந்துகொண்டிருந்த வில்பிரட் சட்டென்று நின்றார்.

"மாத்தவா சொல்லுறீங்க?"

"மாத்தி எழுதுங்க. அவன்கிட்டக் கையெழுத்து வாங்குங்க. தலைவர்கிட்டக் கொடுக்கிறதுக்கு முன்னால வியாழக்கிழமை காலையில ரெண்டு பேரும் இங்க வாங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தபின் வில்பிரடுக்கு ஏனோ அது இனிக்கவில்லை. பைக்கை நாலு உதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

புதன்கிழமை மாலை தாளோடு கிளீட்டஸ் வீட்டுக்குப் போனார். சண்டை போடுவான், கத்துவான், அதற்கு என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கிளீட்டஸ் தாளை வாசிக்கவே இல்லை.

"எங்க மாமா போடணும்?"

அவன் மனைவி கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். வில்பிரட் குடிக்காமல் வந்தார்.

வியாழக்கிழமை கிளீட்டஸ் இரண்டு படியையும் ஒரே எட்டில் ஏறினான். சுவரைத் தொடவில்லை. பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

"எங்க வலி?"

"வலி இல்லை ஆசானே."

"படி இறங்கும்போது?"

"இல்லை."

"திரும்பும்போது?"

"ம்ஹூம். நேத்தோட சுத்தமா போச்சு. ஞாயிற்றுக்கிழமை முழு ஆட்டமும் ஆடலாம்."

ஆசான் சுண்ணாம்புக் கிண்ணத்தை மூடி வைத்தார்.

"அண்ணே, நீங்க அழுத்திப் பாருங்க. இத்தனை நாள் படிச்சிருக்கீங்கல்லா."

வில்பிரட் குனிந்து, முழங்காலுக்குக் கீழே இருக்கும் குழியில் பெருவிரலை வைத்தார். வீங்கியிருந்தது. சூடாக இருந்தது. மெல்ல அழுத்தினார். கிளீட்டஸ் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் அழுத்தினார். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் இரண்டு கையாலும் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது.

"வலிக்குதாலே?"

"கூசுது மாமா."

வில்பிரட் கையை எடுத்துவிட்டார்.

"பொய் சொல்லாதலே."

"வலி இல்லை மாமா. நான் ஆடுவேன். சத்தியமா ஆடுவேன். என்னை இறக்குங்க."

வில்பிரட் எழுந்து வாசல் வரை போனார், திரும்பி வந்தார்.

"நீங்களாவது சொல்லுங்க ஆசானே! ஓடினா நார் அறுந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வலி இருக்குன்னு சொல்றவனுக்குத்தான் நான் வைத்தியம் பார்க்க முடியும்."

"செவ்வாய்க்கிழமை ஏழு புள்ளி வச்சீங்களே, அது எங்க போச்சு?"

"ஆறு வாரமா எண்ணெய் போடுறேன். அந்த ஏழுல ஒண்ணைக்கூட என்னால அழிக்க முடியலை. உங்க தாள் ஒரே நாள்ல ஏழையும் அழிச்சிருச்சு."

வில்பிரட் வாயைத் திறந்தார். நீங்கதானே எழுதச் சொன்னீங்க என்று கேட்கத்தான் திறந்திருப்பார். அதற்குள் போன் அடித்தது.

தலைவரின் குரல் மூன்று பேருக்குமே கேட்டது. "ஓய் வில்பிரட், கையெழுத்து வாங்கியாச்சா? ஞாயிற்றுக்கிழமை பய இறங்குவானா மாட்டானா?"

இறங்குவான்னு சொல்லுங்க என்று கிளீட்டஸ் கையைக் காட்டிக் கெஞ்சினான்.

"இறங்க மாட்டான்" என்றார் வில்பிரட். "தாளா? தாள் ஒண்ணும் இல்லை. நவம்பர்ல போட்டதுதான் தாள். அதை மாத்தணும்னா வேற செயலாளரைப் பாரும்."

போனை அணைத்தார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் அந்தத் துண்டுகளைத் திரும்பவும் சட்டைப்பையிலேயே திணித்துக்கொண்டார். பைனல் போச்சு என்பது அவருக்குத் தெரியும். கமிட்டியில் தன் நாற்காலியும் போச்சு என்பதும் தெரியும்.

"ஆசான் கேட்கிறதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுலே" என்றவர், தரையில் அவன் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆசான் சுண்ணாம்புக் கிண்ணத்தைத் திறந்தார்.

"எங்க வலி?"

கிளீட்டஸின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கலைந்தது. பிறகு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்க" என்றான். "இங்க. இந்த ஓரத்துல. இந்தக் குழியில, தொட்டாலே உயிர் போகுது மாமா."

வில்பிரட் பழக்கதோஷத்தில் எண்ணினார். ஏழில் நிற்கவில்லை. மூட்டின் பின்பக்கம் ஒன்று. தொடையில், இதுவரை யாரும் பார்க்காத இடத்தில் இன்னொன்று.

"ஒன்பதா?" என்றார் வில்பிரட். "செவ்வாய்க்கிழமை ஏழுதானே ஆசானே இருந்தது? ரெண்டு நாள்ல ரெண்டு கூடிப்போச்சா?"

ஆசான் ஈர்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு எண்ணெயைக் கையில் ஊற்றினார்.

"கூடலை அண்ணே. அன்னைக்கு இந்த இடத்துல கழகத்தோட செயலாளர் நின்னுட்டிருந்தார்."