குஞ்சுகளைப் பார்க்கப் போன சுட்டி

ஒரு காட்டின் ஓரத்தில், மரங்கள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், வேலாத்தாள் என்பவளின் ஓட்டு வீடு இருந்தது. அவள் ஒரு வெள்ளாடு வளர்த்தாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர்.

சுட்டிக்குப் பங்குனி பிறந்துவிட்டால் கால் தரையில் நிற்காது. ஓட்டு இடுக்கில் அணில் குட்டி போட்டிருக்கும். வேலிக்கடியில் கௌதாரி தன் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போகும். எருக்குழிப் பக்கம் கீரிக்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரளும். சுட்டி எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்கும். வாயில் வைத்த தழையை மெல்லக்கூட மறந்துவிடும்.

அந்த வருடம் கிணற்றுக்கு அப்பால், சரளைக்கல் தரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது. சுள்ளியும் இல்லை, பஞ்சும் இல்லை. கல்லோடு கல்லாக வெட்டவெளியில் கிடந்தன முட்டைகள். நெடுநெடுவென்று வளர்ந்த காய்ந்த புல்லைக் கடந்து, சுட்டி தினமும் அங்கே போய் நின்றது.

"அக்கா, கொஞ்சம் தூரத்தில் நின்று பாருங்களேன்" என்றது ஆட்காட்டி.

"நான் என்ன, உன் முட்டையைத் தின்னவா வந்தேன்?" என்று முகம் சுளித்தது சுட்டி.

"நீங்கள் தின்ன மாட்டீர்கள். ஆனால் உங்கள் பின்னால் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாதே!"

சுட்டி கோபித்துக்கொண்டு போனது. மறுநாள் கோபத்தை மறந்துவிட்டு மறுபடியும் வந்தது.

சுட்டி அங்கே போகத் தொடங்கிய பதினோராம் நாள் காலையில் முட்டைகள் பொரிந்தன. ஈரம் காய்வதற்குள் நான்கு குஞ்சுகளும் எழுந்து நின்றுவிட்டன! குச்சிக் கால்கள், கல் நிறத்தில் ஒரு பிடி பஞ்சு, அதில் மிளகு போல இரண்டு கண்கள். ஒன்று ஓடிப் போய் ஓர் எறும்பைக் கொத்திப் பார்த்தது.

"பிறந்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அதற்குள் இரை தேடுகிறதே!" என்று சுட்டி பூரித்துப்போனது.

அன்று வீடு திரும்பும் வழியில் நரி எதிர்ப்பட்டது. தந்திரத்தில் அதை மிஞ்ச ஆளில்லை.

"என்ன சுட்டி, முகத்தில் இவ்வளவு மகிழ்ச்சி? எங்கே போய் வருகிறாய்?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேன், நரியாரே."

"சரி, சொல்ல வேண்டாம்" என்று நரி சிரித்தது.

அது கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பத்து நாட்களாகச் சுட்டி நடந்து நடந்து, புல்லுக்கு நடுவே நேரான ஒரு தடம் விழுந்திருந்தது. சுட்டியின் வாய் மறைத்ததை அதன் கால்கள் என்றோ சொல்லிவிட்டிருந்தன.

மறுநாள் சுட்டி சரளைக்கல் தரையில் நின்றபோது பின்னால் புல் சலசலத்தது. திரும்பினால், நரி!

"டிட்டீ!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தது ஆட்காட்டி. ஓடிக்கொண்டிருந்த குஞ்சுகள் அப்படியே தரையோடு படுத்தன. அவ்வளவுதான். சுட்டியின் கண்முன்னாலேயே நான்கும் கல்லாகிவிட்டன.

ஆட்காட்டி ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி நரியின் மூக்குக்கு முன்னால் போனது. "என்னைப் பிடி" என்று கெஞ்சுவது போல விழுந்து புரண்டது.

ஒரு பிடிப் பறவை, தன்னைக் கடித்துக் குதறக்கூடிய நரியின் வாய்க்கு எதிரே!

ஆனால் நரி அசையவில்லை. "இந்த நாடகத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுட்டியின் பக்கம் திரும்பியது. "குஞ்சுகள் எங்கே?"

"தெரியாது."

"பரவாயில்லை. நீ ஆசையோடு பார்க்கிறவள். உன் கண் எங்கே போகிறதோ, அங்கேதான் அவை இருக்கும்."

சுட்டியின் முன்னங்கால் குளம்பை ஒட்டி ஒரு கல் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மிளகுக் கண் ஒன்று அதை அண்ணாந்து பார்த்தது. குனிந்து பார்த்தால் குஞ்சு நரிக்கு இரையாகிவிடும். காலை நகர்த்தினாலும் அதே கதிதான்.

சுட்டி தலையை நிமிர்த்தியது. சற்றுத் தள்ளி ஓர் இலந்தைப் புதர் இருந்தது. அதன் அடிக்கிளையில், இலைகளுக்குள் மறைந்து, பானை அளவுக்குக் குளவிக்கூடு. அந்தப் பக்கம் எந்த ஆடும் மேயப் போகாது. சுட்டி அந்தப் புதரின் அடியையே, இமைக்காமல், இத்தனை நாள் குஞ்சுகளைப் பார்த்த அதே ஆசையோடு பார்த்தது.

"வேண்டாம், நரியாரே! அங்கே மட்டும் போகாதீர்கள்!"

"ஆகா!" என்று நரி ஒரே பாய்ச்சலில் புதருக்குள் தலையை நுழைத்தது.

அடுத்த நொடி காடே அதிரும்படி ஓர் ஊளை கேட்டது. மூக்கிலும் காதிலும் குளவிகள் மொய்க்க, நரி தலைதெறிக்க ஓடியது. பிறகு அந்தப் பக்கமே அது எட்டிப் பார்க்கவில்லை.

ஆட்காட்டி மறுபடி குரல் கொடுத்தது. கற்களுக்கு நடுவிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று எழுந்தன. நான்காவது, சுட்டியின் காலடியிலிருந்து எழுந்து தாயிடம் ஓடியது.

சுட்டி தலைகுனிந்தது. "நரிக்கு வழி போட்டுக் கொடுத்தவளே நான்தான், தங்கச்சி."

"என் பிள்ளையைக் காப்பாற்றியதும் நீங்கள்தான், அக்கா" என்றது ஆட்காட்டி. அன்று மாலைக்குள் அது குஞ்சுகளை வேறோர் இடத்துக்கு நடத்திக்கொண்டு போய்விட்டது.

சில நாள் கழித்து, வரப்பில் இரை தேடிக்கொண்டிருந்த ஆட்காட்டியைச் சுட்டி பார்த்தது.

"பிள்ளைகள் சுகமா, தங்கச்சி?"

"நான்கும் சுகம், அக்கா. இறகு முளைக்கிறது."

எங்கே இருக்கின்றன என்று கேட்கச் சுட்டிக்கு நாக்கு துடித்தது. அது கேட்கவில்லை. "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு வழியாக மேயப் போனது.

நீதி: நாம் நேசிக்கும் சின்னஞ்சிறு உயிர்கள் நன்றாக வாழவேண்டுமானால், சில சமயம் அவற்றை விட்டு விலகி நிற்கவும் தெரியவேண்டும்.