தள்ளுபடி விலையில் ஒரு வளைகாப்பு

"சாமி, மார்கழில வளைகாப்பு வைக்கலாமா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

சாமி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எம் மகளுக்குத்தான்."

"கார்த்திகை இருபத்திரண்டுன்னு நாள் குறிச்சாச்சுல்லா?"

"குறிச்சாச்சு. ஆனா அதுக்குப் போற ஃபிளைட்டு விலை ஆகாசத்துல நிக்கு. மார்கழி மூணாம் தேதி போனா அறுபது சதவீதம் தள்ளுபடி."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். புதிதாக வருகிறவர்கள் அதைத் தியானம் என்று நினைத்துக் கைகூப்புவார்கள். ஒன்பது வருஷமாக அவர் ஆசிரமத்தில் சமையல் பார்க்கிறவன் நான். எனக்குத் தெரியும், அவர் கோபத்தை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"மார்கழில யாராவது வளைகாப்பு வைப்பாவளா?"

"வைக்க மாட்டாவ. அதான் உங்ககிட்ட கேக்கேன். சாமியே சொல்லிட்டாருன்னா சம்பந்தியம்மா மறுத்துப் பேச மாட்டாவ."

"அப்போ இனிமே பஞ்சாங்கத்தை விமானக் கம்பெனிக்காரன்தான் எழுதணும்ங்கீரு."

"அப்படி இல்ல சாமி."

"வேற எப்படி?"

ஆவுடையப்பன் மடியில் இருந்த ஃபோனை எடுத்து விலை மாறியிருக்கிறதா என்று பார்த்தார்.

இவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாமிக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்து மூன்று. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி சொர்ணம் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து பாதி நாள் வீட்டில், பாதி நாள் பாபநாசம் மலையடிவாரத்தில் எங்களோடு. ஒரே மகள் கோமு அகமதாபாத்தில் இருக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். கார்த்திகையை விட்டால் மார்கழியில் யாரும் விசேஷம் வைப்பதில்லை. தை பிறந்தால் ஒன்பதாம் மாதம் ஆகிவிடும், அப்புறம் எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே அப்பா இருபத்திரண்டாம் தேதிக்குள் வளையலோடு போய் நிற்க வேண்டும். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு மகளைக் கையோடு கூட்டி வர வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்குத்தான் மனுஷன் எங்கள் உயிரை எடுத்தார்.

காசில்லாதவர் என்றால் நானே வாய் திறந்திருக்க மாட்டேன். வசதிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தீபாவளிக்கு மறுநாள் தொடங்கிய தேடல் நிற்கவே இல்லை. பண்டிகை விற்பனை முடிந்தது, ஆண்டுக்கடைசி விற்பனை வந்தது. அவர் ஃபோனில் ஒன்பது ஆப். விலை இறங்கினால், "நாளைக்கு இன்னும் இறங்கும் பாரும்" என்பார். மறுநாள் ஏறிவிடும். ஏறியதும் அந்தக் கம்பெனிக்காரன் தன் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது போலத் திட்டுவார். எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது "டிங்" என்று சத்தம் வரும். அப்புறம் எங்கே மனசு அடங்க?

முதல் தடவை பதிவு செய்கிறவர்களுக்குத் தனித் தள்ளுபடி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என் நம்பரை வாங்கினார். தோட்ட வேலை பார்க்கும் இசக்கியின் நம்பரை வாங்கினார். கடைசியில் சாமி குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் நம்பரையும் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சாமியின் ஃபோனுக்குத் தினமும் செய்தி வருகிறது. "அன்புள்ள சாமி, கோவா கடற்கரை உங்களை அழைக்கிறது." நேற்று வந்ததில், ஜோடியாகப் போனால் ஒருவருக்குக் காலைச் சாப்பாடு இலவசம் என்றிருந்தது. சாமி அதை என்னிடம் காட்டி, "நான் என்ன பாவம் செஞ்சேன் வே?" என்று கேட்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் இப்போது மார்கழி வளைகாப்புக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபோனைப் போடும்" என்றார் சாமி.

"யாருக்கு?"

"மகளுக்கு. அவகிட்டயே கேளும். எங்களுக்கும் கேக்கற மாதிரி போடும்."

கோமு உடனே எடுத்தாள்.

"யப்பா, டிக்கெட் எடுத்தாச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் தாயி."

"இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. அத்தை ரயில்ல இடம் போட்டுட்டாவ. நான் பெட்டியெல்லாம் கட்டி வச்சிட்டேன்."

"அதில்ல கோமு, மார்கழி மூணாம் தேதி வச்சோம்னா..."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஆவுடையப்பன் திரையைப் பார்த்தார்.

"யப்பா, உங்களுக்கு வர இஷ்டம் இல்லைன்னா சொல்லிருங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பக்கத்து வீட்டு குஜராத்தி அக்கா இருக்காவ. தாய் வீட்டு வளையலை நான் வாங்கிட்டு வந்து போடுதேன்னு சொல்லுதாவ. பிரசவத்தையும் இங்கயே பாத்துக்கிடுதேன்."

"அதெப்படிம்மா? நான் வராம இருப்பேனா? இந்தத் தள்ளுபடி மட்டும்..."

"சரிப்பா, அப்புறம் பேசுதேன். குக்கர் கத்துது."

குக்கர் கத்தியது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் ஃபோனை மடியில் வைத்தார். பிறகு, "நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மின்னல் விற்பனை இருக்கு சாமி" என்றார்.

சாமி எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். வெகு நேரம் வரவில்லை.

மறுநாள் காலை ஆவுடையப்பன் மறுபடியும் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லிருங்க சாமி."

"சொல்லுதேன். இன்னைக்கு எங்கிட்டயும் தள்ளுபடி. அம்பது சதவீதம்."

"சொல்லுங்க."

"நீரு இப்பவே எந்திரிச்சு நேரா..."

ஆவுடையப்பன் காத்திருந்தார். சாமி மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார்.

"நேரா?"

"பாதி பதில் அவ்வளவுதான். மீதி மார்கழி மூணாம் தேதி."

"அதுவரைக்கும் நான் என்னன்னு இருக்க?"

"அந்தப் பிள்ளையும் அதத்தான் கேக்கு."

ஆவுடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மணியைப் பார்த்தார்.

பன்னிரண்டுக்கு நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றோம். வேடிக்கை பார்க்க இல்லை, எப்படியாவது இது முடிந்தால் போதும் என்ற அலுப்பு. பன்னிரண்டு மணி ஒரு நிமிஷத்துக்கு விலை விழுந்தது. திருவனந்தபுரத்திலிருந்து அகமதாபாத். கார்த்திகை இருபதாம் தேதி. எழுபது சதவீதம் தள்ளுபடி. பத்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஓரத்தில் நேரம் ஓடியது.

"அமுக்கும்!" என்று நான் கத்திவிட்டேன்.

அவர் அமுக்கவில்லை.

"நடுவுல பம்பாய்ல ரெண்டு மணி நேரம் நிப்பாட்டுதான்" என்றார்.

"நிப்பாட்டட்டும். டீ குடியும்."

"கண்ணாடி வளையல் பெட்டியத் தூக்கி எறிஞ்சிருவான்."

"மடியில வச்சுக்கும்."

"சாயங்காலம் இன்னும் கொஞ்சம் இறங்கிச்சுன்னா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உமக்கு என்ன வே, கிறுக்கா பிடிச்சிருக்கு? பெத்த பிள்ளை அங்க பெட்டியைக் கட்டி வச்சிட்டு..."

சாமி என் தோளில் கை வைத்தார். நான் நிறுத்திக்கொண்டேன். அவர் ஆவுடையப்பனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னும் எவ்வளவு இறங்கணும் அண்ணாச்சி?"

"தெரியல சாமி."

"சும்மா கொடுத்தா போவீரா?"

சாமி கையை நீட்டினார். ஃபோன் கை மாறியது. இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. சாமி திரையை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். அவருக்கு ஆப் பார்த்துப் பழக்கமில்லை. எல்லா எழுத்தையும் படித்தார்.

"இதுல பயணிகள் ரெண்டு பேர்னு போட்டிருக்கே."

"ஆமா சாமி."

"தீபாவளியில இருந்து ரெண்டு பேருக்குத்தான் விலை பாத்தீரா?"

"ஆமா."

"ரெண்டாவது ஆளு யாரு?"

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"வருஷா வருஷம் போவோம்லா. எப்பவும் ரெண்டுதான் போடுவேன். ஜன்னலோரம் அவளுக்கு. இப்பவும் தொறந்த உடனே அது ரெண்டுன்னுதான் நிக்கு சாமி. ஒண்ணுன்னு மாத்தணும். மாத்தக் கை போக மாட்டேங்கு. விலை கூட, விலை கூடன்னு சொல்லிக்கிட்டே இருந்தா மாத்த வேண்டாம்லா."

மூன்று வாரமாக அந்த மனுஷனைக் கஞ்சன் என்று இசக்கியிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு அவமானமாக இருந்தது.

"நான் தனியா அந்த வாசல்ல போய் நின்னா, கோமு என் முகத்தைப் பாக்க மாட்டா சாமி. எனக்குப் பின்னால பாப்பா. அம்மா வாராளான்னு."

சாமி திரையில் பட்டிருந்த கைரேகையை வேட்டி நுனியால் துடைத்தார். ஃபோனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"போறதுக்கு ஒண்ணு போடும்."

ஆவுடையப்பனின் விரல் திரைக்கு மேலேயே நின்றது. ஓரத்தில் மூன்று நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று ஓடியது. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அமுக்கினார். விலை பாதியாகக் குறைந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பெயரைப் போட்டார், வயதைப் போட்டார், பணத்தைக் கட்டினார்.

"எடுத்தாச்சு சாமி" என்றார்.

"இப்ப திரும்பி வர்றதுக்கு எடும்."

"அதுக்குத் தள்ளுபடி போட மாட்டேங்கான்."

"போடாம இருக்கட்டும். எடும்."

ஆவுடையப்பன் தேதியைப் போட்டார். எத்தனை பேர் என்று அது கேட்டது. அந்த இடத்தில் விரல் மறுபடியும் நின்றுவிட்டது. நிமிர்ந்து சாமியைப் பார்த்தார்.

"ரெண்டு போடும் அண்ணாச்சி" என்றார் சாமி. "ஜன்னலோரம் கோமுக்கு."