மதகுக்கல்

சேந்தனுக்கு ஓரிடத்தில் உட்கார வரவில்லை. குன்றுக்கு வந்து மூன்று மாதமாகியும் வரவில்லை. மற்றச் சீடர்கள் குகைக்குள் கண்மூடி இருப்பார்கள். அவன் மட்டும் பாறையில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி இருப்பான். கீழே பாதையில் யார் வந்தாலும் முதலில் அவனுக்குத்தான் தெரியும். எத்தனை பேர், கையில் என்ன, நடையில் அவசரமா நிதானமா என்று மனம் தானாகவே கணக்கெடுக்கும்.

வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் படையில் இருந்தவன். வெண்மலைக் கோட்டையைப் பதினோரு நாளில் பணிய வைத்தவன் என்று நாடே அவனைச் சொல்லும். அந்தப் பெயரோடு வீட்டில் இருக்க முடியாமல்தான் அவன் குன்றேறினான். அங்கே கற்பித்தவர் ஒரு பெண் துறவி. குரத்தியார் என்று அழைப்பார்கள். அவனைவிடப் பத்து வயதாவது இளையவர். பேச்சு குறைவு.

ஒரு காலை அரசனுடைய தூதன் மேலே வந்தான். ஆற்றுக்கு அப்பால் உள்ள நாட்டின்மேல் படை புறப்படுகிறது, சேந்தன்தான் தலைமை ஏற்க வேண்டும் என்றான். பதிலுக்கு ஆறு நாள் தவணை. அதுவரை குன்றடியில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சேந்தன் அன்று சாப்பிடவில்லை. சுனைக்கும் குகைக்குமாக நடந்தான். வாள் இல்லாத இடுப்புக்கு அவன் கை நாலைந்து தடவை போய் வந்தது. கடைசியில் குரத்தியார் முன்னால் போய் நின்றான். அவர் மயிற்பீலியால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அடிகளே, போரில் யாராவது உண்மையாகவே வெல்ல முடியுமா?"

"வென்றவர் நீங்கள். என்னைக் கேட்கிறீர்களே."

"வென்றேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்."

"வென்ற இடத்தை அதற்குப் பிறகு பார்த்தீர்களா?"

"இல்லை."

"பார்த்துவிட்டு வாருங்கள்."

வெண்மலைக்கு இரண்டு நாள் நடை. கோட்டைக்கு இப்போது பொறுப்பு ஆதன். ஒரு காலத்தில் சேந்தனுக்கு அடுத்த நிலையில் நின்று போரிட்டவன். பழைய தலைவனைக் கண்டதும் கட்டிக்கொண்டான். ஆனால் பேசும்போது அவன் கண் சேந்தன் முகத்தில் நிற்கவில்லை, மதில்மேலேயே இருந்தது. கோட்டைக் கதவைப் பகலிலும் திறப்பதில்லை என்றான். குடிநீருக்கு இரண்டு காதம் போக வேண்டும், வேல் பிடித்த நாற்பது பேர் துணையில்லாமல் எந்த வண்டியும் போவதில்லை, போன மாதம்கூட மூன்று பேர் திரும்பவில்லை என்றான். சேந்தனுக்கு அளந்து ஊற்றிய அரைக் குவளை நீரில் அடியில் சேறு தெரிந்தது.

"ஏரி?" என்று கேட்டான் சேந்தன்.

ஆதன் அவனை விநோதமாகப் பார்த்தான். "நீங்கள்தானே உடைத்தீர்கள்."

உடைத்தது அவன்தான். கோட்டைக்குக் குடிநீர் அந்த ஏரியிலிருந்துதான்; பதினோரு நாளில் அது பணிந்தது அதனால்தான். கரையை மதகோரமாக வெட்டி, தண்ணீர் முழுவதையும் வெளியே விட்டான். யாரும் திரும்ப அடைத்துவிடக் கூடாது என்று, மதகை மூடும் பெரிய கல்லை எருதுகள் பூட்டி இழுத்துப்போய் மணலில் புதைத்தான். இழுத்தவர்களில் அவனைத் தவிர இன்று யாரும் உயிரோடு இல்லை.

மறுநாள் காலை தனியாக ஏரிக்குப் போனான். வெடித்துக் கிடந்த ஏரியின் ஓரத்தில் இருபது முப்பது பேர் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அவர்களை நடத்திக்கொண்டிருந்தவள் பெயர் சாத்தி. வழிப்போக்கன் என்று நினைத்து அவனிடம் ஒரு கூடையை நீட்டினாள். அவனும் வாங்கிச் சுமந்தான்.

வேலைக்கு நடுவே அவளே சொன்னாள். கரையை இரண்டு தடவை கட்டியாயிற்று. மதகுக்கல் இல்லாததால் இரண்டு மழையிலும் மதகுவாயில் அரித்துக்கொண்டு போய்விட்டது. புதிதாகச் செதுக்கக் கல்தச்சர் யாரும் மிஞ்சவில்லை. அவளுடைய கணவனும் மகளும் எட்டாம் நாளில் போனார்கள். எந்த எட்டாம் நாள் என்று சேந்தன் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "உங்கள் பேச்சு அந்த நாட்டுப் பேச்சாக இருக்கிறது. இந்தக் கரையை உடைத்தவனைத் தெரியுமா?"

"தெரியும்."

"பார்த்தால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மதகுக்கல்லை எங்கே போட்டான்?"

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. சாபத்துக்கு அவன் மனத்தைத் தயார்செய்து வைத்திருந்தான். இதற்குத் தயாராக இல்லை. கூடையை இறக்கி வைத்தான். காய்ந்த வாய்க்காலைத் தாண்டி, மணல் மேட்டில் மூன்று பனைகள் நின்ற இடத்துக்கு நடந்தான்.

"இங்கே," என்றான்.

பின்னால் பேச்சு நின்றது. மண்வெட்டிகளும் நின்றன. வழிப்போக்கனுக்கு இது எப்படித் தெரியும் என்பது ஒவ்வொருவருக்கும் உறைப்பதை அவன் முதுகால் உணர்ந்தான். யாரோ மூச்சிரைக்க நெருங்கினார்கள். திரும்பவேண்டும் என்று உடம்பு முழுவதும் துடித்தது. அவன் திரும்பவில்லை.

சாத்தியின் குரல் கேட்டது. "விடுங்கள். அவனே தோண்டட்டும்."

அவள் வீசிய மண்வெட்டி காலடியில் வந்து விழுந்தது. அவன் தோண்டினான். உச்சிவெயிலில் கல்லின் முனை தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். யாரும் அவனோடு பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் கல் மேட்டுக்கு வந்துவிட்டது. அதை மதகுக்குக் கொண்டுபோக வேண்டும், நிறுத்த வேண்டும், கரை கட்ட வேண்டும், மழைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது சேந்தன் புறப்பட்டான். தவணைக்கு இரண்டு நாள்தான் மிச்சமிருந்தது.

குன்றடியில் தூதனிடம் வரமாட்டேன் என்று சொன்னான். அரசனின் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியுமா என்று தூதன் கேட்டான். தெரியும் என்றான் சேந்தன். படைத்தலைவனின் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டு மேலே ஏறினான்.

குரத்தியார் சுனையோரத்தில் இருந்தார். கண்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"மறுத்துவிட்டேன், அடிகளே. இனி வாளைத் தொடமாட்டேன். ஆனாலும் மனம் அடங்கவில்லை. நான் கேட்டதற்கு நீங்களும் இன்னும் பதில் சொல்லவில்லை."

"கல்லை மதகில் நிறுத்தியாயிற்றா?"

"இல்லை."

"கரை?"

"பாதிகூட ஆகவில்லை."

குரத்தியார் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள் போர் இன்னும் நடக்கிறதே, சேந்தரே. அதை அப்படியே விட்டுவிட்டு, யார் வென்றது என்று கேட்க இங்கே வந்து நிற்கிறீர்கள்."