காற்றுக் கதவின் தாழ்ப்பாள்

விண்மீன்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு நாள் இருட்டியதும் அந்தச் சத்தம் கேட்டது. அரிசி போடாமல் ஆட்டுக்கல்லைச் சுற்றினால் வருமே, அப்படி ஒரு கரகரப்பு.

பூமி காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் அப்போது பச்சை உடம்புக்காரி. மடித் தண்ணீரில் பாசி என்ற பிள்ளை பிறந்து பதினாறு நாள்கூட ஆகவில்லை. அவள் வீட்டுக்குக் காற்றால் ஆன கதவு. பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டுமென்று அதைச் சாத்துவதே இல்லை.

"என்ன அக்கா சத்தம்?" என்று எதிர்வீட்டு நிலாவைக் கேட்டாள்.

"அந்த விண்மீன் மின்னாள் வீட்டில்தான். அவள் புருஷன் கருவன், செத்துக் கறுத்துச் சுருண்டானே, செத்தும் பசி அடங்கவில்லை. அவள் உடம்பாகிய சேலையை நூல் நூலாய் உருவி, சுற்றிச் சுற்றி விழுங்குகிறான். தொண்டையில் அடங்காததை மேலும் கீழும் பீய்ச்சித் துப்புகிறான். அதில் ஒரு வெளிச்சம் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பட்டதைப் பொசுக்கும். கதவைச் சாத்துடி!"

"சாத்தினால் பிள்ளைக்கு வெளிச்சம்?"

"எனக்குக் கதவே கிடையாது. என் மடியைப் பார்."

பூமி பார்த்தாள். வெறும் சாம்பல்.

அதற்குள் கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் குரல். "பூமி, நான் மின்னாள். பாதி உடம்பு போய்விட்டதம்மா. கதவை மூடிவிடாதே, எப்படியாவது வந்துவிடுகிறேன்."

சாத்தப் போன கதவைப் பூமி விட்டுவிட்டாள். "வா அக்கா. தனியாகத்தானே வருகிறாய்?"

மின்னாளின் குரல் தாழ்ந்தது. "அவரை எங்கே விட்டுவிட்டு வருவேன்? கட்டிக்கொண்டவராயிற்றே. அவரும்தான் வருவார்."

பூமி குனிந்து பார்த்தாள். பாசியின் ஓரம் வெளுத்திருந்தது. பிள்ளை அழக்கூட இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"மன்னித்துக்கொள் அக்கா" என்று கதவை அறைந்து சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.

நல்ல காலம், கதவில் இரண்டு சந்துகள் இருந்தன. ஒன்றில் சாதுவான வெளிச்சம் நுழைந்தது; பாசி மெல்லப் பச்சை பிடித்தது. இன்னொன்றில் மின்னாளின் குரல் நுழைந்தது.

அன்று தொடங்கித்தான் அந்தப் பொசுக்கும் வெளிச்சம் காற்றில் முட்டி மேலேயே மாய்கிறது. காது கொடுப்பவர்களுக்கு அந்தக் கரகரப்பு மட்டும் கேட்கிறது. "திற, திற" என்று மின்னாள் இன்னும் கெஞ்சுகிறாள். பூமியும் கேட்டுக்கொண்டேதான் பிள்ளையை அணைத்திருக்கிறாள். ஆனால் உள்ளே இருந்து அவள் போட்ட தாழ்ப்பாள், போட்டது போட்டபடியே கிடக்கிறது.