காதில் விழாத வரி

பெரம்பூரில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். பெயர் ‘கரிநாக்கு’. இந்தப் பெயரைக் கேட்டபிறகு எந்த வீட்டுக்காரர் பயிற்சிக்கு மாடியைத் தருவார்? அவர்கள் பாடியது மெலோடிக் டெத் மெட்டல். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிடார் தாலாட்டு மாதிரி உருகும்; பாடுகிறவன் தொண்டையில் மீன்முள் சிக்கியவன் மாதிரி உறுமுவான். என்ன பாடுகிறான் என்று ஒரு ஜீவனுக்கும் புரியாது. இந்தக் கதைக்கு அந்தப் புரியாமைதான் முக்கியம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுமுகிறவன் தாமோதரன், தாமு. கிடார் வாசித்துப் பாட்டும் எழுதுகிறவன் அவன் சிநேகிதன் ஆல்வின்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஆல்வினும் அவன் தம்பி கிளமென்ட்டும் வந்த பைக் வியாசர்பாடி மேம்பாலத்தில் சறுக்கியது. கிளமென்ட் போய்விட்டான். பதினெட்டு வயது. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா ரெஜினா கேட்ட முதல் கேள்வி, "யாருடா ஓட்டினது?" ஆல்வின் வாயிலிருந்து "அவன்தாம்மா" என்று வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை. செத்தவன் தலையில் பழியும் ஏறியது. வருடா வருடம் நினைவுப் பூசையில் ஃபாதர் இளைஞர்களின் வேகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைப்பார். ஆல்வின் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

சொல்ல முடியாததைப் பாட்டாக எழுதினான். அதில் ஒரு வரி: ‘தம்பி, அன்று நான்தான் ஓட்டினேன்.’ தாளைத் தாமுவிடம் கொடுத்து, "மச்சான், இது யார் காதுலயும் விழக்கூடாது" என்றான்.

"அப்புறம் எதுக்குடா பாட்டு?"

"உறுமு. உறுமினா யாருக்குத் தெரியப்போகுது? சத்தியம் பண்ணு."

யார் காதிலும் விழாது என்று தாமு அவன் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

ரெஜினா டீச்சர் ஒரு நிகழ்ச்சியையும் விடமாட்டார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வரிசையில் நடு நாற்காலி, இரண்டு காதிலும் பஞ்சு, மடியில் கைப்பை. பாட்டு முடிந்தால் கைதட்ட மாட்டார். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை அசைப்பார். அந்தப் பிள்ளைகள் கைதட்டுவது அப்படித்தான். ஒரு எழுத்தும் புரியாவிட்டாலும் மகனுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறாரே, பாவம் என்று தாமு நினைத்துக்கொள்வான்.

போன வருடம் ஒரு இசைக் கம்பெனி கூப்பிட்டது. மேனேஜர் கேட்டு முடித்து, காபியும் குடித்து முடித்துச் சொன்னார்: "டியூன் தேன் தம்பிகளா. ஆனா ஏன் வாந்தி எடுக்கற மாதிரி பாடறீங்க? வார்த்தை புரியட்டும். கல்யாண வீட்டுல போடறாப்பல இருக்கணும்."

தாமுவால் மறுக்க முடியவில்லை. தொண்டையில் புண், இன்னும் ஒரு தடவை உறுமினால் பேச்சே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பழைய ரசிகர்கள் ‘கரிநாக்கு செத்துப்போச்சு’ என்று எழுதினார்கள். அதைவிட ஆல்வினை அரித்தது அந்த ஒற்றை வரி. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் திரிந்துவிட்டு மாற்றிக்கொண்டு வந்தான்: ‘அன்பே, அன்று நான்தான் வாடினேன்.’

"கண்றாவியா இருக்குடா" என்றான் தாமு.

"இருக்கட்டும். எல்லாருக்கும் புரியும்ல?"

புதுப் பாணியில் முதல் நிகழ்ச்சி ஒரு கல்லூரி அரங்கில், சாயங்காலம். மேடைக்குப் பின்னால் தாமு உப்பு வெந்நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்தார்.

"காலையில ஒத்திகை பார்த்தேன். தம்பி போய் அன்பே வந்தாச்சு போல."

கொப்பளித்த தண்ணீர் உள்ளே போய்விட்டது. "டீச்சர்... உங்களுக்கு எப்படி..."

"பஞ்சு காதுக்குத்தாண்டா, கண்ணுக்கு இல்ல. ‘ஓட்டினேன்’னா உதடு குவியும். ‘வாடினேன்’னா விரியும். முப்பது வருஷம் வேற என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் கச்சேரியிலேர்ந்து."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர்."

"கேட்டா ஆமான்னுவான். நான் கேட்டு அவன் சொல்றதுல என்ன இருக்கு? அவனா வந்து சொல்லணும்." கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "அதுவரைக்கும் என் பிள்ளை என்கிட்ட உண்மை பேசற இடம் உங்க மேடை ஒண்ணுதான். அதையும் பிடுங்கிடாதே. எனக்குப் பழைய வரி வேணும். நான் கேட்டதா அவன்கிட்ட மூச்சு விடாதே. செய்வியா?"

தாமு தலையாட்டிவிட்டான். கண் கலங்காமல் நிற்கிற அம்மாவிடம் வேறு எப்படித் தலையாட்டுவது?

அரங்கு நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் டீச்சர், பஞ்சோடு. பக்கவாட்டில் ஆல்வின், கிடார் மேல் குனிந்தபடி. பாட்டு அந்த வரியை நெருங்கிக்கொண்டிருந்தது. புது வரியைப் பாடினால் தாய்க்குத் தலையாட்டியது பொய். பழைய வரியைப் பாடினால் அரங்கு முழுக்கத் தெளிவாகக் கேட்கும். சிநேகிதனுக்குச் செய்த சத்தியம் பொய். உறுமித் தப்பிக்கலாம் என்றால் தொண்டை இல்லை.

அவசரப்பட்டு எதையாவது சொல்லாதீர்கள், மேலே போய் ஒரு தடவை ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள். இரண்டு வாக்கும் பிழைக்க, அந்த வரியில் தாமு என்ன செய்திருக்க வேண்டும்?

விடை: ஆல்வின் வாங்கிய சத்தியம் காதைப் பற்றியது. டீச்சர் கேட்டது கண்ணுக்கு. தாமு மைக்கை முகத்திலிருந்து விலக்கி, சத்தமே எழுப்பாமல், பழைய வரியை ஒவ்வொரு எழுத்தாக உதட்டால் சொன்னான். மைக் கெட்டுவிட்டது என்று அரங்கு கூச்சல் போட்டது. டீச்சர் பாட்டு முடியக் காத்திருக்கவில்லை. அந்த இடத்திலேயே இரு கைகளையும் தூக்கி விரல்களை அசைத்தார். இறங்கியதும் ஆல்வின் மைக்செட்காரரிடம் சண்டைக்குப் போனான். பதிவில் ‘வாடினேன்’ என்றுதான் இருக்கிறது; கல்யாண வீடுகளில் போடுகிறார்கள். அன்று அம்மாவும் மகனும் ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். டீச்சர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு வழியெல்லாம் காத்திருந்தார். ஆல்வின் மைக்கைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.